பிராசஸருக்கு எவ்வளவு, கிராபிக்ஸ் கார்டுக்கு எவ்வளவு?

தர்மபுரி மாவட்டத்தில் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவர் பார்ட்ஸுக்காகப் பெரும்பாலும் வெளியூர்தான் போகிறார். சேலம் பக்கம். அங்கே கிடைக்காவிட்டால் கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு எஸ்.பி. ரோடு, சுமார் 130 கிலோமீட்டர். சென்னை ரிச்சி தெரு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் தூரம். வாங்கி வந்த கார்டு பொருந்தவில்லையென்றால் ஒரு நாள் வேலையும் பஸ் கட்டணமும் போகும். கடைக்காரர் மாற்றித் தருவார் என்பதற்கும் உறுதி கிடையாது. ஆகவே எது எதோடு சேரும் என்ற கணக்கை அரூரிலோ பாலக்கோட்டிலோ வீட்டில் உட்கார்ந்தே போட்டு முடித்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும்.

“அண்ணா, ஐ7 போட்டா கேம் நல்லா ஓடும்ல?” என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அதற்குப் பதில் சொல்லும் முன் இரண்டு கேள்வி கேட்டாக வேண்டும். மானிட்டர் என்ன? என்ன கேம் ஆடப் போகிறாய்? இந்த இரண்டும் தெரியாமல் பிராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் ஜோடி சேர்க்கவே முடியாது. எந்த பிராசஸருக்கு எந்தக் கார்டு சரி என்று பலரும் பட்டியல் தேடுகிறார்கள். “உங்கள் ஜோடியில் 14 சதவீதம் பாட்டில்நெக்” என்று கணக்குச் சொல்லும் தளங்களையும் நம்புகிறார்கள். அந்தச் சதவீதத்துக்கு மதிப்பு எதுவும் இல்லை. ஒரே ஜோடி ஒரு கேமில் பிராசஸரால் தடுமாறும், இன்னொரு கேமில் கார்டால் தடுமாறும். மானிட்டரை மாற்றினால் மறுபடி நிலைமை மாறும்.

ஒரு ஃபிரேம் உருவாகும் விதம்

திரையில் வரும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இரண்டு பேர் உழைக்கிறார்கள். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது, நீங்கள் மவுஸை எந்தப் பக்கம் திருப்பினீர்கள், எந்தெந்தப் பொருளை வரைய வேண்டும் என்ற கணக்கெல்லாம் பிராசஸர் வேலை. அந்தப் பட்டியலை வாங்கி, வெளிச்சம், நிழல், நிறம் சேர்த்து ஒவ்வொரு பிக்சலாக நிரப்புவது கார்டின் வேலை. கார்டு இந்த ஃபிரேமை வரைந்துகொண்டிருக்கும்போதே பிராசஸர் அடுத்ததைத் தயார் செய்யத் தொடங்கிவிடும். எனவே இரண்டின் நேரத்தையும் கூட்டக் கூடாது. யார் மெதுவோ அவர் வேகம்தான் உங்கள் வேகம்.

மாதிரிக்கு ஒரு கணக்கு. பிராசஸர் ஒரு ஃபிரேமுக்கு 7 மில்லிசெகண்ட், கார்டு 12 மில்லிசெகண்ட் எடுக்கிறது என்று வையுங்கள். 1000-ஐ 12-ஆல் வகுத்தால் 83. நொடிக்கு 83 ஃபிரேம் கிடைக்கும். கார்டை மாற்றி அதன் நேரத்தை 5 மில்லிசெகண்டாகக் குறைத்தால், இப்போது மெதுவானவர் பிராசஸர். 1000-ஐ 7-ஆல் வகுத்தால் சுமார் 143. அதற்கும் மேலே போய் 3 மில்லிசெகண்டில் வரையும் கார்டை வாங்கினாலும் அதே 143தான். இரண்டாவது முறை கொடுத்த பணம் முழுக்க வீண்.

ஏதோ ஒன்று எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும். பாட்டில்நெக்கே இல்லாத கம்ப்யூட்டர் என்று ஒன்று கிடையாது. அது எங்கே விழ வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம், அவ்வளவுதான். கதை கேம் ஆடுபவருக்கு அது கார்டில் விழுவது நல்லது. கார்டு திணறும்போது ஃபிரேம்கள் ஓரளவு சீராகவே குறையும். செட்டிங்ஸைக் குறைத்தால் உடனே பலனும் தெரியும். பிராசஸர் திணறினால் படம் விட்டுவிட்டுத் துள்ளும், சரியாகச் சுடப்போகும் நேரத்தில் ஒரு கணம் உறையும். கிராபிக்ஸ் செட்டிங்ஸைக் குறைத்தாலும் பெரிய மாற்றம் இருக்காது.

முதலில் மானிட்டர்

1920×1080 திரையில் கிட்டத்தட்ட 20 லட்சத்து 74 ஆயிரம் பிக்சல்கள். 2560×1440 என்றால் 36 லட்சத்து 86 ஆயிரம். 4கே திரையில் 82 லட்சத்து 94 ஆயிரம், அதாவது 1080-ஐப் போல் சரியாக நான்கு மடங்கு. இந்த ஏற்றம் முழுவதும் கார்டின் தலையில் விழுகிறது. எதிரி எங்கே நிற்கிறான் என்ற கணக்கு எந்த ரெசல்யூஷனிலும் ஒன்றுதான் என்பதால் பிராசஸருக்கு அதனால் சுமை பெரிதாகக் கூடாது.

ரெஃப்ரெஷ் ரேட் இதற்கு நேர் எதிர். 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட் அவகாசம் உண்டு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அது 6.9 மில்லிசெகண்டாகச் சுருங்கிவிடும். அவ்வளவு வேகத்தில் ஃபிரேம்களைத் தயாரித்துத் தள்ள பிராசஸருக்குத் தெம்பு வேண்டும். ஆக, ரெசல்யூஷன் கூடினால் பணத்தைக் கார்டு பக்கம் தள்ளுங்கள். ஹெர்ட்ஸ் கூடினால் பிராசஸர் பக்கமும் கொஞ்சம் தள்ளுங்கள்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டே விலை உயர்ந்த பிராசஸர் வாங்குபவர்களைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. நொடிக்கு 200 ஃபிரேம் தயாரானாலும் அந்தத் திரை 60-ஐத்தான் காட்டும். மவுஸின் தாமதம் சற்றுக் குறையும் என்பது உண்மை. ஆனால் அதே பணத்தில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு மாறினால் கிடைக்கும் வித்தியாசத்துக்கு அது ஈடாகாது.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற வசதிகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இவை படத்தைச் சிறிய ரெசல்யூஷனில் வரைந்து பிறகு பெரிதாக்குகின்றன. 1440 மானிட்டரில் டிஎல்எஸ்எஸ் ‘குவாலிட்டி’ வைத்தால் உள்ளே வரையப்படுவது சுமார் 1707×960தான். கார்டின் சுமை குறைகிறது, பிராசஸரின் சுமை குறைவதில்லை. “1440 மானிட்டர்தானே, பிராசஸர் சாதாரணமாக இருந்தால் போதும்” என்று நினைத்து வாங்கிவிட்டு, பிறகு எப்போதும் டிஎல்எஸ்எஸ் போட்டு ஆடுபவர் உண்மையில் 1080-க்கும் கீழே ஆடுபவரின் நிலையில் இருக்கிறார்.

பிறகு கேம்

2020-இல் வந்த வேலரன்ட், 2023-இல் வந்த கவுன்ட்டர் ஸ்டிரைக் 2 இரண்டும் பிராசஸரைப் பிழிபவை. வேலரன்ட்டின் படம் எளிமையானது, நடுத்தரக் கார்டே சுலபமாக வரைந்துவிடும். அதற்குமேல் எத்தனை ஃபிரேம் என்பதை பிராசஸரின் ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதே முடிவு செய்கிறது. இந்த இடத்தில்தான் ஏஎம்டியின் எக்ஸ்3டி வகை பிராசஸர்கள் ஜொலிக்கின்றன. 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியில் எல்3 கேஷ் 96 எம்பி. சாதாரண ரைசன் 5 5600-இல் அது 32 எம்பி. கேம் திரும்பத் திரும்பக் கேட்கும் தகவல் ராமுக்குப் போய் வராமல் பக்கத்திலேயே கிடைப்பதால் வேகம் கூடுகிறது.

சைபர்பங்க் 2077 போன்ற பெரிய கதை கேம்கள் கார்டைத் தின்னும். ரே டிரேசிங் போட்டால் இன்னும் அதிகம். அப்போது பிராசஸருக்கும் வேலை கூடும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நம் ஊர்ப் பையன்கள் நிறையப் பேர் ஃப்ரீ ஃபயர் மேக்ஸை ப்ளூஸ்டாக்ஸ் போன்ற எமுலேட்டரில் ஆடுகிறார்கள். எமுலேட்டர் ஒரு முழு ஆண்ட்ராய்டு போனையே விண்டோஸுக்குள் ஓட்டுகிறது. அதற்கு வேண்டியது வேகமான கோர்களும் தாராளமான ராமும். பெரிய கார்டு வேண்டாம். பயாஸில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்யாமல் எமுலேட்டர் இழுக்கிறது என்று கார்டை மாற்றக் கிளம்ப வேண்டாம்.

பழைய ஐ7 என்னும் வலை

குறைந்த பட்ஜெட்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆபீஸ்களில் கழித்துவிட்ட டெல், எச்பி சிஸ்டங்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும். “ஐ7, 16 ஜிபி ராம், கேமிங் கார்டு போட்டது” என்று விலை சொல்வார்கள். ஐ7 என்றவுடன் வாங்குபவருக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றாது. அதற்குப் பக்கத்தில் இருக்கும் நான்கு எண்களைப் படியுங்கள். ஐ7-2600 என்றால் அது 2011 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறை. 4 கோர், 8 திரெட். 2022 ஜனவரியில் வந்த ஐ3-12100-இலும் அதே 4 கோர், 8 திரெட்தான். ஆனால் ஒரு கோர் செய்யும் வேலை என்று பார்த்தால் ஐ3 கிட்டத்தட்ட இரட்டிப்பு. கேமுக்கு அந்தப் பழைய ஐ7-ஐவிட இந்த ஐ3 எவ்வளவோ மேல்.

வேகம் ஒரு பக்கம் இருக்கட்டும். மூன்றாம் தலைமுறை வரையிலான இன்டெல் கோர் பிராசஸர்களில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு கிடையாது. புதிய கேம்கள் சில அது இல்லாமல் திறக்கவே மறுக்கின்றன. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸரை ஏற்பதில்லை. குறுக்கு வழியில் ஏற்றிவிடலாம் என்றாலும், விண்டோஸ் 11-இல் வேலரன்ட் ஆட டிபிஎம் 2.0-வும் செக்யூர் பூட்டும் வேண்டும். பழைய போர்டில் அது நடக்காது. வேலரன்ட் ஆடுவதற்கென்றே காசு சேர்த்த பையன் அந்த சிஸ்டத்தை வாங்கினால் கதை அங்கேயே முடிந்தது.

கார்டிலும் இதே விளையாட்டு உண்டு. செகண்ட் ஹேண்டில் சுற்றும் ஆர்எக்ஸ் 580 கார்டுகளில் இரண்டு வகை. 2017-இல் வந்த அசலில் 2304 ஷேடர் யூனிட்கள். 2018-இல் சீனச் சந்தைக்கென வந்த இன்னொன்றில் 2048. இது கிட்டத்தட்ட ஆர்எக்ஸ் 570-தான், பெயர் மட்டும் 580. கடையிலேயே ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து ‘ஷேடர்ஸ்’ என்ற கட்டத்தைப் பாருங்கள். 2304 இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். 2022 செப்டம்பரில் இத்தீரியம் மைனிங் நின்றுபோன பிறகு இரவு பகலாக ஓடிக் களைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. ஃபேன் சத்தத்தையும் காது கொடுத்துக் கேளுங்கள்.

ஜோடிகள்

விலை எழுதவில்லை, வாரத்துக்கு வாரம் மாறுகிறது. அதிலும் 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்தில் பழைய கணக்கெல்லாம் தலைகீழாகிவிட்டது. விகிதம் மட்டும் சொல்கிறேன். 1080 திரையில் எல்லா வகைக் கேமும் ஆடுபவருக்கு, பிராசஸருக்கு ஒரு பங்கு என்றால் கார்டுக்கு இரண்டு பங்கு. 1440-க்குப் போனால் கார்டுக்கு மூன்று பங்கு வரை போகலாம். வேலரன்ட் மட்டுமே உயிர் என்பவர் ஒன்றுக்கு ஒன்று வைத்தாலும் தவறில்லை.

சிறிய பட்ஜெட்டுக்கு ஐ3-12100எஃப் உடன் ஆர்எக்ஸ் 6600 நல்ல சேர்க்கை. பின்னால் காசு சேரும்போது அதே போர்டில் பயாஸ் அப்டேட் செய்து ஐ5-13400எஃப் போட்டுக்கொள்ளலாம். நடுவில் இருப்பவருக்கு ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400எஃப், கூடவே ஆர்டிஎக்ஸ் 4060 அல்லது ஆர்எக்ஸ் 7600. இந்த ஜோடியில் 1080, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்து ஆடுபவருக்கு நீண்ட நாள் குறை இருக்காது. 1440-க்கு ரைசன் 5 7600 உடன் ஆர்டிஎக்ஸ் 4070 அளவிலான கார்டு.

தவிர்க்க வேண்டிய ஒரு ஜோடியையும் சொல்ல வேண்டும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு மதர்போர்டோடு பேசுவது நான்கே பிசிஐஇ லேன்களில். அதில் இருப்பது 4 ஜிபி மெமரி. பிசிஐஇ 4.0 இல்லாத போர்டிலோ, பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள ரைசன் 5 5500 உடனோ போட்டால், அந்த 4 ஜிபி நிரம்பியதும் ராமுக்குப் போய் வரும் பாதை பாதியாகக் குறுகி, படம் தத்தும். பழைய சிஸ்டத்துக்கு மலிவான கார்டு தேடுபவர் கையில் அதிகம் திணிக்கப்படுவது இதுதான். பழைய சிஸ்டத்தில் இது இன்னும் மோசமாக ஓடும். தனியாக பவர் கனெக்டர் இல்லாத எஸ்எம்பிஎஸ் என்றால் 75 வாட்டுக்குள் ஓடும் ஜிடிஎக்ஸ் 1650 வகையைப் பாருங்கள். மாடலுக்கு மாடல் வேறுபடும். கனெக்டர் இல்லாததாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இருக்கும் சிஸ்டத்தில் குறை எங்கே?

புதிதாக எதையும் வாங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளை ஏற்றி, கேம் ஓடும்போதே திரையின் மூலையில் எஃப்பிஎஸ், கார்டின் பயன்பாடு, ஒவ்வொரு திரெட்டின் பயன்பாடு எல்லாம் தெரியும்படி வையுங்கள். கார்டு 95 முதல் 99 சதவீதத்தில் நின்றால் அது முழு மூச்சில் உழைக்கிறது. வேகம் வேண்டுமானால் கார்டைத்தான் மாற்ற வேண்டும். கார்டு 60 சதவீதத்தில் படுத்திருக்க, எஃப்பிஎஸ்ஸும் குறைவாக இருந்தால் தடை பிராசஸர் பக்கம்.

இங்கேதான் டாஸ்க் மேனேஜரைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள். “பிராசஸர் 35 சதவீதம்தானே காட்டுது?” என்பார்கள். 12 திரெட் உள்ள பிராசஸரில் ஒரு திரெட் முழுதாகத் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். பல கேம்களில் முக்கிய வேலை ஓரிரு திரெட்களிலேயே குவிகிறது. அது 100-ஐத் தொட்டுவிட்டால், மற்ற பதினொன்றும் சும்மா இருந்தாலும் கேம் நகராது. மொத்தச் சதவீதத்தை விட்டுவிட்டு, திரெட் வாரியாகப் பாருங்கள்.

இன்னும் எளிய சோதனை: கேமில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்குக் குறையுங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் தடை கார்டில். அசையாமல் அப்படியே இருந்தால் பிராசஸரில். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

பிராசஸர்தான் குறை என்று தெரிந்த பிறகும் உடனே அதை மாற்ற ஓடாதீர்கள். கேபினட்டைத் திறந்து ராமைப் பாருங்கள். ஒரே ஒரு 16 ஜிபி ஸ்டிக் செருகியிருந்தால், பிராசஸருக்கும் ராமுக்கும் இடையே இரண்டு பாதையில் ஒன்றுதான் திறந்திருக்கிறது. இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகள் போட்டால் பாதை இரட்டிப்பாகும். பல போர்டுகளில் அவை பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போக வேண்டும். மாற்றிப் போட்டுவிட்டுப் பலன் இல்லை என்பவர்கள் உண்டு. பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி. 3200 என்று அச்சிட்ட ராம், அதை ஆன் செய்யும்வரை பல போர்டுகளில் 2133-லோ 2400-லோ 2666-லோதான் ஓடும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-லேயே கிடக்கிறதா என்று பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிள் கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டில் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே கிராபிக்ஸ் உள்ள பிராசஸர் என்றால் போர்டிலிருந்தே படம் வந்துவிடும். வாங்கிய கார்டு வேலையில்லாமல் கிடக்கும்.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு எஃப்பிஎஸ் சரிந்தால் அது ஜோடிப் பிரச்சினை இல்லை, சூடு. ஏப்ரல், மே மாதத்தில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் மதியம் ஆடுபவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். தூசி தட்டி, கேபினட்டின் முன்பக்கம் இரண்டு ஃபேன் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு பேசுங்கள்.

கரண்ட்

ஜோடியைத் தேர்ந்தெடுக்கும்போது வாட் கணக்கையும் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வாட். அதைவிட வேகமான 4060-க்கு 115 வாட். தினமும் நான்கு மணி நேரம் ஆடினால் இந்த 55 வாட் வித்தியாசம் இரண்டு மாதத்தில் சுமார் 13 யூனிட். மொத்த சிஸ்டமும் மானிட்டரோடு சேர்ந்து 300 வாட் இழுக்கிறது என்றால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் கணிசமான பகுதி இதற்கே போய்விடும். அப்பாவிடம் பேசும் முன் இந்தக் கணக்கைக் கையில் வைத்திருப்பது நல்லது.

போர்வெல் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் விளக்கு மங்கும் ஊர்களில் எஸ்எம்பிஎஸ்ஸில் காசு மிச்சம் பிடிக்கவே கூடாது. கேபினட்டோடு இலவசமாக வரும் “450 வாட்” டப்பா அந்த வாட்டைத் தரும் என்று நம்பி கேமிங் கார்டைச் செருகாதீர்கள். கார்டுகள் கணநேரத்துக்குத் தம் கணக்கைவிட அதிகமாக இழுக்கும். அந்த நேரத்தில்தான் சிஸ்டம் பொத்தென்று அணையும். 65 வாட் பிராசஸரும் 115 வாட் கார்டும் உள்ள ஜோடிக்கு நல்ல பிராண்ட் 550 வாட் தாராளம். சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்து எஸ்எம்பிஎஸ் எரிந்தால் கூடவே போர்டும் கார்டும் போகலாம்.

அடுத்து எதை மாற்றுவது

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போர்டு வைத்திருப்பவர்களுக்கு நல்ல செய்தி உண்டு. 2018-இல் வந்த பி450 போர்டிலும், பயாஸை அப்டேட் செய்தால், ரைசன் 5000 வரிசை போடலாம். முதல் தலைமுறை ரைசன் 5 1600-உம் ஒரு நல்ல கார்டும் வைத்துக்கொண்டு வேலரன்ட்டில் தத்தளிப்பவர், போர்டையும் ராமையும் தொடாமல் ரைசன் 5 5600 ஒன்றை மட்டும் வாங்கினால் போதும். ராம் விற்கும் விலையில் புதிய டிடிஆர்5 சிஸ்டத்துக்குத் தாவுவதைவிட இது எவ்வளவோ மேல்.

வரிசை முக்கியம். பழைய பிராசஸர் போர்டில் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்ய வேண்டும், பிறகுதான் கழற்ற வேண்டும். போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் போர்டின் ரிவிஷன் எண்ணைச் சரிபார்த்து ஃபைலை இறக்கி, எஃப்ஏடி32-ஆக ஃபார்மட் செய்த பென்டிரைவில் போடுங்கள். ரிவிஷன் எண் போர்டின் மீதே, பெரும்பாலும் ஓரத்தில், சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும் சில நிமிடங்களில் கரண்ட் போனால் போர்டு எழுந்திருக்காமல் போகலாம். பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டு என்றால் மீட்டுவிடலாம், மலிவான போர்டுகளில் அது இருக்காது. யுபிஎஸ் இல்லாதவர் நண்பர் வீட்டிலிருந்து ஒன்றை வாங்கி வந்து வையுங்கள். அது பேட்டரியில் நிற்கிறதா என்று பிளக்கைப் பிடுங்கி ஒருமுறை சோதித்துவிட்டு, மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளாக இல்லாமல் பார்த்து, காலையில் ஆரம்பியுங்கள்.